நடுப்பட்டை

சனிக்கிழமை மத்தியானம் ரூத் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. சுவிட்சைத் தட்டியதுபோலச் சின்னச் சத்தம்தான். ஆனால் வீட்டில் அவளைத் தவிர ஆளில்லை. குண்டானை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

மீன் தொட்டியின் மேல்விளிம்பைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பிரேம் ஒன்று இருந்தது. அதன் நடுவில், முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் இழுத்துப் பிடித்தபடி ஒரு பட்டை குறுக்கே ஓடும். அந்தப் பட்டை ஒடிந்து, இரண்டு முனைகளும் விலகி நின்றன. இடைவெளியில் விரலை நுழைக்கலாம். முன்கண்ணாடி தொந்தி வைத்ததுபோல உப்பியிருந்தது. உள்ளே இரண்டு ஆஸ்கர் மீன்களும் ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

உள்ளங்கைகளை வைத்துக் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. நான்கடித் தொட்டியின் தண்ணீர் மொத்தமும் மறுபக்கம் நின்று தள்ளுகிறது என்பது கையில் தெரிந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் மதுக்கரையில் ஒருவரிடமிருந்து அந்தப் பழைய தொட்டியை வாங்கி வந்தார்கள். பிரேமின் ஒரு மூலை உடைந்திருந்ததைக் காட்டி அவள் கேட்கத்தான் செய்தாள். “அதெல்லாம் சும்மா அழகுக்குப் போடறதுங்க. பிரேமே இல்லீன்னாலும் தொட்டி நிக்குமுங்க” என்றார் விற்றவர். அவள் கணவன் மெல்வினும் தலையாட்டினான். அவளுக்கும் அவசரம். அவள் வரவேற்பில் உட்காரும் குழந்தைகள் கிளினிக்கை மூடிவிட்டு டாக்டர் ஊர்மாறிப் போகிறார். அங்கே சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்த தொட்டியை இடிக்கும் ஆட்கள், அதிலிருந்த இந்த இரண்டு மீன்களையும் குளத்தில் விட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஊசிக்கு அழுத எத்தனையோ பிள்ளைகளை அந்தப் ‘பெரியவனையும் சின்னவனையும்’ காட்டித்தான் அவள் சமாதானப்படுத்தியிருக்கிறாள். “நான் கொண்டுபோறேனுங்க டாக்டர்” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் பார்வை தொட்டியிலிருந்து படிக்கட்டுக்குப் போனது. பழைய காலத்து வீடு. அவர்கள் குடியிருக்கும் மாடியிலிருந்து படி வீட்டுக்குள்ளேயே இறங்கும். இறங்குகிற இடம்தான் வீட்டுக்காரர் பாலுசாமியின் சரக்கறை. பவானியிலிருந்து வரும் ஜமக்காளங்களைக் கட்டுக்கட்டாகத் தரையிலிருந்தே அடுக்கி வைத்திருந்தார். தொட்டி உடைந்தால் தண்ணீர் அந்தப் படிகளில்தான் இறங்கும்.

மெல்வினுக்குப் போன் செய்தாள். வேலை செய்யும் பவுண்டரியின் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான். “தண்ணியை எடு ரூத்து. நான் பர்மிசன் போட்டுட்டு வாரேன். வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத!”

ஏன் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இந்த வீடு கிடைப்பதற்கு முன் எத்தனை படி ஏறி இறங்கினார்கள். “எந்த ஊருங்க?” என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் அப்பா பெயர், தாத்தா செய்த வேலை. கடைசியில் “சொல்லி அனுப்பறமுங்க” என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. பாலுசாமி அதையெல்லாம் கேட்கவில்லை. “தண்ணி ஒழுக உடாம இருந்தாப் போதுமுங்க. கீழ சரக்கு இருக்குது” என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் குழாயைக்கூட மெல்லத்தான் திறப்பாள்.

மறுபடியும் ‘டக்’. உடைந்த மூலையிலிருந்து பிரேமில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கண்ணாடி மூலையில் பசை நூலாக இழுபட்டு நின்றது.

ரூத் படிகளில் இறங்கி ஓடினாள்.

பாலுசாமி ஒரு கட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, மேல மீன் தொட்டி உடையப் பாக்குதுங்க. உடைஞ்சா தண்ணி மொத்தமும் இங்கதான் வருமுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இரத்தம் ஏறியது. “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்கல்ல அம்மணி?”

“சொன்னீங்க. அப்புறமாத் திட்டுங்க. இப்ப வாங்க.”

அவர் வந்தார். வரும்போதே கட்டுகளை லாரியில் இறுக்கும் பெல்ட் ஒன்றை எடுத்துக்கொண்டார். மாடி ஏறியதும் உப்பிய கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். பிறகு பெல்ட்டைத் தொட்டியின் விளிம்பைச் சுற்றிப் போட்டுக் கைப்பிடியை ஆட்டத் தொடங்கினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பெல்ட் இறுகியது. கண்ணாடி கிறீச்சிட்டது.

“நிறுத்துங்க!” ரூத் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “தண்ணி நிறைய இருக்கறப்ப இறுக்கினாக் கண்ணாடியே போயிருமுங்க. முதல்ல தண்ணியை எறக்கோணும். பெல்ட்டு சும்மா புடிச்சிட்டு இருந்தாப் போதும்.”

இரண்டு வருடத்தில் அவரிடம் அவள் குரலை உயர்த்தியதில்லை.  பாலுசாமி அவளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெல்ட்டை அப்படியே விட்டார்.

“செரி. என்ன செய்யோணும், சொல்லுங்க.”

மீன்களை எடுத்து வைக்க அதே தொட்டித் தண்ணீர்தான் வேண்டும். திடீரென்று குழாய்த் தண்ணீரில் விட்டால் தாங்காது. குளியலறை வாசலில் நீல டிரம்மில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அடுத்த முறை எப்போது விடுவார்களோ தெரியாது. யோசிக்க நேரமில்லை. இருவரும் டிரம்மைச் சாய்த்தார்கள். குடிக்கிற தண்ணீர் குபுகுபுவென்று குளியலறைச் சாக்கடையில் ஓடியது. டிரம்மைத் தொட்டியடிக்கு உருட்டி வந்து, ரூத் ஹோஸின் ஒரு முனையைத் தொட்டியில் போட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். பாசி நாற்றத்தோடு ஒரு வாய் உள்ளே போனது. துப்பிவிட்டு ஹோஸை டிரம்மில் விட்டாள்.

தண்ணீர் இறங்குவது கண்ணுக்கே தெரியவில்லை. பாலுசாமி சமையலறையிலிருந்து குண்டானைத் தூக்கிவந்தார். அதிலிருந்த சோற்றைப் பார்த்துத் தயங்கினார்.

“கொட்டுங்கண்ணா, பரவாயில்லை.”

அவர் மொண்டு மொண்டு குளியலறைக்கு ஓடினார். அவள் கண்ணாடி மூலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருமுறை பசைநூல் அறுந்தது. துளித்துளியாகத் தண்ணீர் கசிந்து மேசையில் சொட்டியது. அவள் பழைய நைட்டியைச் சுருட்டி அடியில் திணித்தாள். “கர்த்தாவே, கர்த்தாவே” என்று வாய் தானாக முணுமுணுத்தது. பெரியவனைத் துண்டில் அள்ளியபோது அது வாலால் அவள் கன்னத்தில் அறைந்தது. சின்னவன் எளிதில் வந்துவிட்டது. இரண்டையும் டிரம்மில் விட்டு, காற்று மோட்டாரையும் போட்டாள்.

தண்ணீர் பாதிக்குக் கீழே போனதும் கசிவு நின்றது. கண்ணாடி மெல்ல மெல்ல உள்ளே வந்தது. ஒடிந்த பட்டையின் முனைகள் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டன. ரூத் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் மெல்வின் படியேறி வந்தான். வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

“மன்னிச்சுக்குங்கண்ணா. நாளைக்கே தொட்டியைத் தூக்கிப் போட்டர்றனுங்க.”

“ஆமா, தூக்கிப் போட்ருங்க” என்றார் பாலுசாமி. “எனக்கு இந்தத் தலைவலி வேண்டாமுங்க.”

“இல்லைங்க” என்றாள் ரூத்.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தொட்டியைத் தூக்கினா மீனை எங்க விடறதுங்க? டிரம்முல எத்தனை நாளைக்கு இருக்கும்? நான் மறைச்சு வெக்கலீங்கண்ணா. உங்க சரக்கு நனையக்கூடாதுன்னுதானே ஓடி வந்தேன்? சரிபண்ண எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்க. மேல வேண்டாமுன்னா வேற இடம் காட்டுங்க.”

மெல்வின் அவள் தோளைத் தொட்டான், போதும் என்பதுபோல. பாலுசாமி வேட்டியைப் பிழிந்துகொண்டே வெகுநேரம் டிரம்முக்குள் பார்த்தார்.

“வெளிய, போர்ட்டிகோவுல வெச்சுக்குங்க. ஊட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த நாள் சர்ச்சிலிருந்து வந்ததும் மீதித் தண்ணீரையும் எடுத்துவிட்டு, தொட்டியையும் மேசையையும் போர்ட்டிகோவுக்கு இறக்கி வேலையை ஆரம்பித்தார்கள். பிரேமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்வின் பிளேடை விட்டு அறுக்க, ரூத் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். அவசரப்பட்டால் விளிம்பு தெறித்துவிடும். பிரேம் கையோடு வந்தபோது நடுப்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அது ஏற்கெனவே ஒடிந்திருந்தது; யாரோ ஒட்டி, மேலே கறுப்பு மை தீட்டியிருந்தார்கள். விற்றவரின் சிரித்த முகம் நினைவுக்கு வந்தது. மெல்வின் போனை எடுத்தான். “அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இது” என்றாள்.

அதே அளவில் பிரேம் எங்கும் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கடையில் கனமான பட்டைகளை அறுத்து வாங்கி, நீளவாக்கில் இரண்டும் குறுக்கே ஒன்றுமாக சிலிக்கான் பசையால் ஒட்டினார்கள். கசிந்த மூலையில் பழைய பசையைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார்கள். நன்றாகக் காயும்வரை தொடக்கூடாது. அந்த நாட்களில் அவள் டிரம்மின் தண்ணீரைப் பாதிப்பாதியாக மாற்றிக்கொண்டே இருந்தாள். பெரியவன் இரை எடுக்கவில்லை. ஒரு நாள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. செத்துவிட்டதென்றே நினைத்தாள். கையை விட்டதும் துள்ளி அடியில் போய் ஒளிந்தது.

தண்ணீர் விடும் நாளன்று பாலுசாமி போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால்வாசி நிரப்பியதும், கண்ணாடி உப்புகிறதா என்று ரூத் ஸ்கேலை அதன் முகத்தில் படுக்கவைத்துப் பார்த்தாள். இடைவெளியில்லை. பாதி வந்ததும் மறுபடியும் பார்த்தாள். முக்கால் வந்தபோது எங்கிருந்தோ ஒரு ‘டக்’. பாலுசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.  ரூத் கசிந்த மூலையை விரலால் தடவினாள், உலர்ந்திருந்தது. மேசைக் கட்டைதான் பாரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று மெல்வின் குனிந்து பார்த்துச் சொன்னான். அவள் நம்பவில்லை. குறுக்குப் பட்டையின் இரண்டு ஓரங்களையும் பார்த்தாள், ஸ்கேலை மறுபடி வைத்தாள். காகிதத்தை நுழைக்கும் அளவுக்குத்தான் வளைவு.

“இன்னும் ஊத்தட்டுமா?” மெல்வின் அவளிடம் கேட்டான்.

“ஊத்துங்க.”

விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நிறுத்தச் சொன்னாள். பாலுசாமி உள்ளே போய்ப் பேப்பரைக் கொண்டுவந்து தொட்டிக்கடியில் சுற்றிலும் விரித்தார். “ஒரு சொட்டு உளுந்தாலும் இதுல தெரிஞ்சுபோயிரும்” என்றார்.

மறுநாள் காலையில் ரூத் இறங்கி வருவதற்குள் அவர் அங்கே குனிந்து ஒவ்வொரு தாளாகத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்னங்கண்ணா?” அவள் பாதிப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“காஞ்சுதான் கிடக்குது” என்றார். “மீனை எடுத்துட்டு வாங்க அம்மணி, வெய்யல் ஏறிரும்.”

அவள் மேலே ஓடினாள். அவர் ஒரு தாளை உதறி எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து நேற்றைய செய்தியைப் படிக்கத் தொடங்கினார்.