அழகுப் பிரிவில் ஒரு பஸ் டிரைவர்

என் வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் வந்துவிட்டதென்று முதலில் சொன்னவன் என் தம்பி. "மாமா இப்பல்லாம் முகவாயைத் தூக்கிக்கிட்டுத்தான் பேசுறாரு அக்கா. என்னைப் பார்த்தா அவ்வளவு எளக்காரமா?" என்று கேட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டான். எனக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு இப்போது போய் என்ன பெருமை வந்து கொட்டுகிறது?

டெப்போவில் கண் பரிசோதனை நடந்தபோது குட்டு வெளிப்பட்டது. வயதாகி, மேல் இமைத் தோல் தொங்கி, பாதிக் கண்ணை மூடியிருந்தது. அதன் அடியில் எட்டிப் பார்க்கத்தான் மனுஷன் முகத்தைத் தூக்கியிருக்கிறார். மேலே எரியும் சிக்னல் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுக்க மாட்டோம், சரிசெய்துகொண்டு வாருங்கள், இல்லையென்றால் டெப்போ ஸ்டோரில் சாமான் கணக்கெழுத உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆபரேஷனை அழகு சிகிச்சைப் பிரிவில்தான் செய்வார்களாம். "இந்த வயசுல எனக்கு அழகு ஒரு கேடா?" என்று குதித்தார்.

"உங்களை யாரு பொண்ணு பார்க்கவா கூப்பிடறாங்க? பஸ் ஓட்டத்தானே" என்று இழுத்துக்கொண்டு போனேன். தொங்கிய தோலை வெட்டித் தைத்து அனுப்பினார்கள். கத்திரிக்காய் நிறத்தில் இருந்த கண் வீக்கம் மெல்ல வடிந்தது.

மறுபரிசோதனைக்கு நானும் போனேன். மெஷினுக்குள் பார்த்துக்கொண்டே, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டக் டக் சத்தத்தைக் கேட்டேன். அது நிற்கவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சோதிக்கிற பெண் கதவைத் திறந்தாள். "கொஞ்சம் சொல்லுங்கம்மா. ஐயா புள்ளி வராதப்பவும் அமுக்குறாரு. இப்படிப் பண்ணா டெஸ்ட்டே செல்லாது."

நான் எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். "ஏங்க, அது ஹாரன் இல்ல. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

"தெரியலைன்னா?" குரல் ஒடுங்கியிருந்தது. இத்தனை நாள் குதித்ததெல்லாம் பயம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தெரியலைன்னா விடுங்க. ஸ்டோர்லயும் நாற்காலி இருக்கு."

இரண்டாம் முறை சத்தம் விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

"மேல் பக்கம் முழுக்கப் பார்த்துட்டாரும்மா. வண்டி ஓட்டலாம்" என்றாள் அந்தப் பெண்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நாற்காலி இருக்குன்னியே, மனசாரவா சொன்னே?"

"பொய்தான். ஸ்டோர்ல உட்கார்ந்துட்டு வர்ற உங்களை வீட்ல யாரு சமாளிக்கிறது?"

அவர் சிரித்தார். நான்தான், அத்தனை பேர் பார்க்க, அந்தப் பெஞ்சிலேயே அழுது தீர்த்தேன்.