நூற்றுப் பதினேழாவது ஆணி

மெஹ்ரின் முதலில் கவனித்தது புல்லைத்தான். ஓடையைத் தாண்டி, நூற்றுப் பதினேழாம் எண் அத்தி மரத்தை ஒட்டிப் போகும் ஒற்றையடிப் பாதையில் கணுக்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. குண்டனி நாடு என்ற அந்த மலையூரின் பெண்கள் பஸ்ஸுக்கும் ரேஷன் கடைக்கும் அந்த வழியாகத்தான் போவார்கள். அவள் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு மாதத்தில் ஒருவரும் அங்கே கால் வைக்கவில்லை. எந்த மரம் எந்த மாதம் காய்த்தது, எந்தப் பறவை எந்தக் கிளையில் உட்கார்ந்து தின்றது என்று ஆராய்ச்சிக்காகப் பதினோரு நோட்டு எழுதியவளுக்கு, மனிதர்கள் நடமாட்டத்தை ஒரு வரிகூடக் குறித்து வைக்கத் தோன்றியதில்லை. கூட வேலைக்கு வரும் கண்ணாயியையும், அவள் திரும்பி வந்த மூன்று நாளாகக் காணோம்.

நேராகக் கண்ணாயி வீட்டுக்குப் போனாள். கண்ணாயி வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காட்டுல நீ இருநூத்திப் பன்னெண்டு பேய அறஞ்சு வச்சிருக்கறியாமா," என்றாள். "அதுக்கு நம்பரு வேற போட்டு."

மெஹ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாயி சிரிக்காததைப் பார்த்ததும் அது பாதியிலேயே நின்றது.

பேய் பிடித்த பெண்ணின் உச்சிமுடியை மரத்தில் வைத்து ஆணி அறைவார்கள். பேய் அதோடு அங்கேயே நின்றுவிடும். இது மெஹ்ரினுக்குத் தெரியாத சங்கதி இல்லை. முள்ளுக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாஸ் அலியின் மகள் அவள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆணி அறைந்த புளியமரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடியவள். அப்படிப்பட்டவள்தான், இரண்டு வருடத்துக்கு முன் அலுமினியத் தகட்டில் எண்களைப் பொறித்து, ஒரு காடு முழுக்க ஆணி அறைய வைத்திருக்கிறாள். படிப்பு ஏறியதில் இது எப்படி மறந்தது என்று தன்மேலேயே கோபம் வந்தது.

இவ்வளவு நாள் ஊர் சும்மாதான் இருந்தது. போன மாதம் ஊர்க்கவுண்டர் சென்றாயனின் மருமகள் அம்சவேணி அந்த அத்தி மரத்தடியில் மயங்கி விழுந்தாள். பன்னிரண்டு நாள் காய்ச்சல், பிதற்றல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தேறிவிட்டாள். ஆனாலும் ஊரின் கண் ஆணிகளிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கூட்டம் போட்டார்கள். சென்றாயன் குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க அம்மிணி, உங்களுக்கு அது படிப்புங்க. எங்களுக்கு அது ஆணி. வர்ற வெள்ளிக்குள்ள அத்தனையும் வெளிய வரோணும்."

வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதம் பையில் இருந்தது. எடுத்து நீட்டினால் கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். பிறகு எந்நாளும் மூடியேதான் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஆணி போனால் எண் போகும். எண் போனால் எது நூற்றுப் பதினேழு, எது நூற்றுப் பதினெட்டு என்று தெரியாது. பதினோரு நோட்டும் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். பல்கலைக்கழகம் கொடுத்த காலம் மார்ச்சோடு முடிகிறது. திரும்ப முதலிலிருந்து தொடங்க வழியில்லை. நோட்டுகளை விடப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

"எடுத்துடறேனுங்க. ஆனா ஒவ்வொரு மரத்தையும் கிட்ட இருக்கற பாறையிலிருந்து டேப் வச்சு அளந்து, படத்துல குறிச்சிட்டுத்தான் எடுப்பேன். ஆறு நாள் குடுங்க."

"அளந்துக்குங்க. ஆனா அடிச்ச கைதான் புடுங்கோணும். வேற கை பட்டா அது அந்தக் கையோட வந்துரும்." சென்றாயன் நிறுத்தி அவளைப் பார்த்தார். "நீங்கதான அடிச்சீங்க?"

மெஹ்ரின் முதல் ஆணியிலேயே கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு சுத்தியலைக் கீழே போட்டவள். அடித்ததெல்லாம் கண்ணாயி. ஆமாங்க என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணாயி எழுந்தாள்.

"நாந்தேன் அடிச்சேன்."

"கம்முனு உக்காரு," என்று அவள் புருஷன் குழந்தைசாமி பல்லைக் கடித்தான்.

"ரெண்டு வருசமாச்சு, ஒரு தலவலிகூட வல்ல எனக்கு. புடுங்கறதுக்கும் நானே போறேன்."

கூட்டம் அவளிடமிருந்து சற்று ஒதுங்கி உட்கார்ந்தது. சென்றாயன் சொன்ன முறைதான். அவரே மாற்ற முடியாது.

"அப்பப் போ. இருநூத்திப் பன்னெண்டையும் நான் எண்ணித்தேன் வாங்குவேன்," என்றார்.

ஐப்பசி மழை ஆறு நாளும் விடவில்லை. கண்ணாயி டேப்பின் நுனியை மரத்தோடு அழுத்திப் பிடிப்பாள். மெஹ்ரின் பாறையிலிருந்து தூரத்தைப் படித்து, திசைகாட்டியைப் பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டு எழுதுவாள். பிறகு கண்ணாயி சுத்தியலின் பிளவில் ஆணியை மாட்டி நெம்பி, கையில் தொங்கிய தூக்குப்போசிப் பாத்திரத்தில் போடுவாள். அட்டை கடித்து இரண்டு பேர் காலிலும் ரத்தம். ஒரு நாளைக்கு நாற்பது மரம் என்றால் நாற்பதுதான். முப்பத்தொன்பதில் இருட்டினாலும் மெஹ்ரின் இறங்க மாட்டாள். கண்ணாயி வாய் ஓயாமல் திட்டினாள், டேப்பை மட்டும் விடவில்லை.

"ஏன்க்கா சொன்னீங்க? நானே அடிச்சேன்னு சொல்லியிருப்பேன்ல?"

"உனக்குச் சுத்தியலே புடிக்கத் தெரியாது கண்ணு. நான் அடிச்சத உம் பேர்ல உட்டுட்டுப் போக எனக்கு மனசு வல்ல." தூக்குப்போசியைக் குலுக்கிக் காட்டினாள். "இதுல ஒண்ணாச்சும் வளைஞ்சிருக்குதா பாரு."

அத்தி மரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாக மிஞ்சியது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளாமலே அதைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அளந்து முடித்துக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஆணியையே காணோம். மற்ற மரங்களில் ஆணித்தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அடித்த கண்ணாயி, இதில் மட்டும் தகடு ஆடுகிறது என்று முழுக்க இறக்கியிருந்தாள். இரண்டு வருடத்தில் மரம் பருத்து ஆணியை விழுங்கி, தகட்டையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஓரம் மட்டும் நகத்தளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணாயி நெம்பிப் பார்த்தாள். சுத்தியல் வழுக்கிப் பட்டை கிழிந்து பால் வடிந்தது.

"கோடாலி போட்டாத்தான் வரும்," என்றாள்.

ஓடைக்கு அக்கரையில் பேச்சுக்குரல் கேட்டது. எண்ணி வாங்க வந்துவிட்டார்கள். மெஹ்ரின் அண்ணாந்து பார்த்தாள். காட்டில் வேறெதுவும் காய்க்காத மாதத்தில் இது ஒன்றுதான் காய்க்கும். அத்தனை பறவையும் இங்கேதான் வந்து சேரும். அவள் ஆராய்ச்சியில் பாதி இந்த மரம்தான். ஆனால் அந்த நிமிடம் ஆராய்ச்சியா ஞாபகம் வந்தது? இதை வெட்ட விடக் கூடாது, அவ்வளவுதான்.

"நான் போய்ப் பேசறேன்க்கா. ஒண்ணு வரலைன்னு சொல்றேன்."

"சொல்லு. கோடாலியோட வருவாங்க." கண்ணாயி மரத்தையும் தூக்குப்போசியையும் மாறி மாறிப் பார்த்தாள். "புது ஆணி மிச்சம் இருக்குதா?"

பையின் அடியில் துழாவியதில் ஒன்று அகப்பட்டது, பளபளவென்று. கண்ணாயி அதை ஈரப் பாறையில் தேய்த்தாள். சேற்றில் புரட்டினாள். கிழிந்த பட்டையில் வடிந்த பாலைத் தொட்டுப் பூசி, முந்தானையில் துடைத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"பயமா இருக்குதாக்கா?"

"இருந்தா அது மரத்துக்குள்ளயே கெடக்கட்டும்."

"கொஞ்சம் வளைச்சுக்கலாமா? பழசு மாதிரி இருக்கும்."

"ஏன், நான் அடிச்ச ஆணி வளையுமா?" என்று கண்ணாயி அதைத் தூக்குப்போசிக்குள் இருநூற்றுப் பதினோரு ஆணிகளோடு போட்டாள். மூடியை அழுத்தி மூடிக்கொண்டு, கணுக்கால் உயரப் புல்லை மிதித்தபடி ஓடையை நோக்கி நடந்தாள். மெஹ்ரின் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். அக்கரையில் சென்றாயன் தரையில் ஒரு சாக்கை விரித்து, மண்டியிட்டுக் காத்திருந்தார்.

அத்தி மரத்தில் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. வெள்ளையாகத் தெரிந்த அந்த நகத்தளவு தகட்டின் மேல் அது மெல்ல இறங்கியது.