வெர்னா வீட்டுப் புகைபோக்கி

தரைக்கடியில் லாரி மோதியதுபோல 'டும்' என்று ஒரு சத்தம். வெர்னாவின் கையிலிருந்த காபி தளும்பி மேசை விரிப்பில் கொட்டியது. அடுத்த நொடி, நிலவறைக் கதவின் இடுக்கு வழியாகக் கரும்புகை பொங்கிக்கொண்டு வந்தது. சுவரிலிருந்த விஷவாயு மணி வீறிட்டு அலறத் தொடங்கியது.

வேறு யாராவதாக இருந்தால் வாசலுக்கு ஓடியிருப்பார்கள். வெர்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே நிலவறைப் படியின் உச்சிக்குப் போய், அங்கிருந்த சிவப்பு சுவிட்சைத் தட்டி, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் ஹீட்டரை நிறுத்தினாள். பிறகுதான் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு வெளியே போய் நின்றாள். தீயணைப்பு ஆட்கள் வந்து வீட்டைக் காற்றாட விட்டு, "இனி உள்ளே போகலாம், ஹீட்டரை மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மதியத்துக்குள் மகன் டுவைட் பாங்கர் நகரத்திலிருந்து வந்து சேர்ந்தான். திரைச்சீலை, சோபா, இறந்துபோன அப்பா ஓரின் தான் பிடித்த மீனோடு நிற்கும் படம், எல்லாவற்றின் மேலும் கரி.

"கண்ணாடில மூஞ்சியப் பாத்தியாம்மா?"

"பாத்தேன். வயசு தெரியல, நல்லாத்தான் இருக்கு."

"விளையாடாத. எங்க வீட்டுக்குப் பக்கத்துல முதியோர் குடியிருப்புல ஒரு அறை காலியா இருக்கு. பெட்டியக் கட்டு. ஹீட்டரும் போச்சு, சிம்னியும் போச்சு. இனிமே இந்த வீட்ட வித்துடறதுதான் புத்திசாலித்தனம்."

"அத முடிவு பண்ண நீ யாருடா? பனி உறைஞ்ச மேட்டுல பள்ளிக்கூட பஸ்ஸ ஓட்டினவ நான். கொஞ்சம் புகைக்குப் பயந்து ஊர விட்டுப் போவேனா?"

"ஹீட்டர் இல்லாம ஜனவரிக் குளிர எப்படித் தள்ளுவே?"

"ஹீட்டர் இல்லாமன்னு யார் சொன்னா? ஆள் வந்துட்டிருக்கு."

வந்தது புகைபோக்கி சுத்தம் செய்யும் கொலீன் உலெட். ஊர்க் கடைக்காரர் கொடுத்த எண்ணில் வெர்னா காலையிலேயே பேசியிருந்தாள். வேனிலிருந்து பிரஷ்களையும் கம்புகளையும் இறக்கிய அந்த நாற்பது வயதுக்காரியை டுவைட் மேலும் கீழும் பார்த்தான்.

"எண்ணெய்க் கம்பெனி ஆளு வருஷா வருஷம் வந்து சுத்தம் பண்ணிட்டுத்தானே போறான்? நீங்க எதுக்கு?"

"அவன் ஹீட்டரத்தான் சுத்தம் பண்ணுவான். சிம்னி அவன் வேலையில்ல," என்றாள் கொலீன். "அவன் வந்துட்டுப் போனா எல்லாம் ஆச்சுன்னு இந்தக் கடற்கரை ஊர் முழுக்க நெனச்சிட்டிருக்கு."

"நானும் அந்தக் கூட்டந்தான்," என்றாள் வெர்னா.

நிலவறையில், புகைபோக்கியின் அடியில் சின்ன இரும்புக் கதவு ஒன்று துருவேறி ஒட்டிக்கிடந்தது. கொலீன் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித் திறந்தாள். உடைந்த களிமண் ஓடுகளும் கரியும் பொலபொலவென்று அவள் பூட்ஸ் மேல் சரிந்தன. வாளி வாளியாக அள்ளியும் தீரவில்லை. ஹீட்டரின் குழாய் வந்து சேரும் இடம்வரை குப்பை ஏறி அடைத்திருந்தது.

"எண்ணெய்ப் புகைல கந்தகம் இருக்கு. ஈரத்தோட சேந்து உள்ள பதிச்ச ஓட்ட அரிச்சுத் தள்ளிடுச்சு. புகைக்குப் போக வழியில்ல, திரும்பி உங்க மேலயே பாஞ்சிருக்கு."

"பாத்தியா? நான் சொன்னேன்ல, சிம்னி போச்சுன்னு," என்றான் டுவைட்.

"ஓடுதான் போச்சு. வெளிச் செங்கல் கல்லு மாதிரி நிக்குது. உள்ளுக்குள்ள எஃகுக் குழாய் எறக்கிட்டா போதும். அதுவரைக்கும் ஹீட்டரப் பத்த வைக்கக் கூடாது."

"சமையலறை விறகடுப்புக்கு வேற குழாய் இருக்கு. அது முன்னாடியே படுத்துக்குவேன்," என்றாள் வெர்னா.

"அம்மா, உனக்குப் பைத்தியமா?"

"ஆமா. கட்டில அங்க தள்ளிப் போட ஒரு கை கொடு."

அவன் அசையவில்லை. கொலீன் கூரைக்கு ஏறி மேலிருந்து பிரஷ்ஷை விட்டு இழுத்து முடித்தாள். மறுபடி கீழே வந்து, இரும்புக் கதவுக்குள் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாள். வெர்னா முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் மண்டியிட்டுப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஒரு துண்டு வானம் தெரிந்தது. அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

"குழாய எறக்கிடு கொலீன். அடுத்த செப்டம்பர்லயும் வந்துடு, அதுக்கடுத்த செப்டம்பர்லயும். நான் கூப்பிடுவேன்னு காத்திருக்காத."

கொலீன் கம்புகளைக் கழற்றுவதை நிறுத்தினாள்.

"நாந்தான் வருஷா வருஷம் கூப்பிடறேனே. உங்க வீட்டுக்காரர் இருந்தப்ப நான் இங்க வந்திருக்கேன், நீங்க பஸ்ஸுக்குப் போயிருப்பீங்க. அவர் போனப்புறம் யாரோ ஒரு ஆம்பள கூப்பிட்டு, இனிமே இந்த நம்பர்ல பேசுங்கன்னார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆளே எடுத்து, வேணாம்னு சொல்லி வச்சிடுவார்."

வெர்னா மெதுவாகத் திரும்பினாள். டுவைட் தரையில் சரிந்து கிடந்த கரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஏறிட்டுப் பாத்துச் சொல்லுடா. நீதானா?"

"நீ எங்க பக்கம் வந்துடுவே, இங்க இருக்கப்போற கடைசிக் குளிர்காலம் இதுதான், எதுக்கு வீண் செலவுன்னு, ஒவ்வொரு வருஷமும் நெனச்சேம்மா."