உள்ளங்கையில் நாலு சொட்டு

தவளைக் காப்பகத்தின் கீழறையில் இருந்த பெண்ணுக்கு வயிறு புடைத்துத் தோல் பளபளத்தது. எந்த நேரமும் முட்டையிடலாம். இட்டாலும் வீண்தான், ஆண் மேலறையில் இருந்தது. அந்த இனத்தில் தேடிக் கிடைத்த ஒரே ஆண், வயசாளி. பராமரிப்பவள் அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள்.

பெண்ணை ஓடையிலிருந்து பிடித்து வந்து, தோலில் காளான் நோய் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை அதற்குக் கீழறைதான். அங்கே நுழைந்தவர் அன்று மேலே ஏறக் கூடாது. அந்த நோய் ஒரு ஓடையின் தவளைகளையே துடைத்து எடுத்துவிடும்.

"ரெண்டையும் சேத்து விட்டுடலாம்க்கா. நோய் இல்லாமகூட இருக்கலாம்," என்றான் அவள் தம்பி. அங்கே அவன்தான் கால்நடை மருத்துவன்.

"இருந்தா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்? ஊசி போடு."

"படிக்க வச்சது அப்பா. நீ என் பேனாவைத்தான் திருடின."

ஹார்மோன் ஊசி போட்டால் ஆணின் சிறுநீரோடு விந்து இறங்கும். அதைக் கொண்டுபோய் முட்டை மேல் விடலாம். ஆனால் கட்டைவிரல் அளவு கிழட்டு உடம்புக்கு எவ்வளவு மருந்து தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

"செத்தா என்னைத் திட்டக் கூடாது."

"போட்டாலும் திட்டுவேன், போடலேன்னாலும் திட்டுவேன். போடு."

போட்டான். காத்திருந்தார்கள். கேமராத் திரையில் கீழறைப் பெண் பின்னங்கால்களை விரித்தது. தண்ணீரில் முட்டைகள் விழ ஆரம்பித்தன. முட்டையைச் சுற்றியுள்ள கூழ் உப்பிவிட்டால் பிறகு விந்து உள்ளே போகாது.

அவள் பதறிப்போய் மாப்பிள்ளையை எடுத்தாள். தூக்கினால் தவளை பயத்தில் சிறுநீர் விடும். கிண்ணத்துக்கு மேலேதான் தூக்க வேண்டும். வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். கை மறந்துவிட்டது. கையுறை போட்ட உள்ளங்கையில் சிறுநீர் குளிர்ச்சியாக இறங்கியது.

"எங்க பெய்ஞ்சான்?"

"என் கையில."

"கவிழ்த்துடாதே. அவனை இங்க குடு. அப்படியே போ, போ."

உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு படியிறங்கினாள். கதவை முழங்கையால் தள்ளினாள். நாலு சொட்டு இருந்தால் அதிகம். கையை அப்படியே முட்டைகளுக்குள் முக்கினாள்.

பிறகு குனிந்தபடியே நின்றாள். உயிர் பிடித்த முட்டை கருப்புப் பக்கம் மேலே வரும்படி புரளும். கழுத்து வலித்தது. ஒன்று புரண்டது. தற்செயலோ என்று பார்த்தாள். இன்னொன்று, பிறகு ஓரத்தில் ஒரு கொத்து. பெரும்பாலானவை வெளுப்பாகவே கிடந்தன.

சுவர்த் தொலைபேசி அடித்தது.

"ரிசல்ட் வந்துருச்சுக்கா. நோய் இருக்கு."

ஒன்றாக விட்டிருந்தால் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. "மாப்பிள்ளை?"

"தொண்டை அசையுது. காலக் கிள்ளினா இழுத்துக்கல."

"தண்ணி தெளி. வயித்தத் தடவு."

"தடவிட்டுத்தான் இருக்கேன்."

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே புரண்ட முட்டைகளைக் கரண்டியால் ஒதுக்கினாள். மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"முடிஞ்சுதுக்கா."

அவள் படியைப் பார்த்தாள். ஏற முடியாது.

"புதுத் தண்ணி ஒரு வாளி கொண்டாந்து வாசல்ல வை. முட்டையை இவகிட்டேருந்து பிரிக்கணும். நீ உள்ள வராத."

"அழறியா?"

"தண்ணியக் கொண்டாடா."