படகுத் தச்சர் வீட்டுத் தாழ்ப்பாள்

கோயில் படகுத் திருவிழா அன்று காலையில் குளித்து முடித்ததும் படகுத் தச்சர் செய்யும் முதல் காரியம், தங்கையின் அறைக்கதவை வெளியே தாழிடுவது. அவள் கணவனை இழந்த ஆண்டு தொடங்கிய பழக்கம் அது. சாமி படகேறும் வேளையில் விதவையின் முகம் எதிர்ப்படக் கூடாது என்பது ஊர் வழக்கம். தாழ்ப்பாள் மட்டும் தச்சரின் சொந்த ஏற்பாடு. படகு குளத்தைச் சுற்றிக் கரை சேர்ந்த பிறகே அது திறக்கும்.

அந்தப் படகின் பலகை இடுக்குகளில் குங்கிலியம் தோய்த்த பஞ்சைத் திணித்து, நீர் புகாமல் அடைப்பவளும் அதே தங்கைதான். திருவிழாவின் முந்தின நாள்வரை அவள் கையில் எவரும் குறை கண்டதில்லை.

இந்த ஆண்டு தச்சரின் மகளும் தாலியிழந்து பிறந்தகம் திரும்பியிருந்தாள். அவளையும் உள்ளேயே இருக்கச் சொல்லும்படி தர்மகர்த்தா ஆளனுப்பியிருந்தார். மிகவும் பக்குவமாகத்தான் சொல்லியனுப்பினார்.

தச்சர் மகளை அத்தையின் அறைக்குப் போகச் சொன்னார். அவள் மறுபேச்சில்லாமல் போனாள். அவர் கை தாழ்ப்பாளைப் பற்றியது, தள்ளவில்லை. தான் வளர்த்த கிளியே உள்ளே அகப்பட்ட பிறகுதான், கூண்டு செய்தவனுக்குக் கம்பிகள் கண்ணில் பட்டனவாம். அப்படி நின்றார் அவர்.

உள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது. "என்னண்ணே, தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சா? போன வருஷம் வழுக்கிட்டுத்தானே போச்சு. நீ போட்டுட்டுக் கிளம்பு, நான் பாயைக் கொஞ்சம் அகலமா விரிச்சுக்கறேன்."

அவள் குரல் தணிந்தது.

"எனக்கும் அப்போ இவ வயசுதாண்ணே."

தச்சர் திருப்புளியை எடுத்துவந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். திருகாணிகள் முரண்டு பிடித்தன; கதவில் சிராய் பெயர்ந்தது. இருவரையும் கிளம்பச் சொன்னார். இத்தனை காலம் போன பிறகு தனக்கு எதற்கு, பெண்ணை மட்டும் கூட்டிப் போ என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்குச் செஞ்ச தப்பைச் சரிபண்ணாம, இவளை எந்த முகத்தோட கூட்டிட்டுப் போவேன்? கட்டுக்கயிறை நீதான் அவுக்கணும்."

படகின் கட்டுக்கயிற்றை அவிழ்ப்பது படகைச் செய்த குடும்பத்தின் உரிமை. குளக்கரையில் அவர் அந்தக் கயிற்றைத் தங்கையிடம் நீட்டியபோது மேளம் தடுமாறி நின்றது. நல்ல நேரத்தில் இதென்ன கூத்து என்று தர்மகர்த்தா கடிந்தார்.

"இவ அடைச்ச பஞ்சாலதாங்க படகு மிதக்குது. சாமி அது மேலதான் உக்காந்திருக்கார்" என்றார் தச்சர்.

தங்கை கயிற்றின் ஒரு பகுதியை மருமகளின் கையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து முடிச்சை இழுத்தார்கள். கரையில் பலர் சட்டென்று முதுகைக் காட்டி நின்றார்கள்.

படகு நகர்ந்தது. சாமியைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் திரும்பித்தான் ஆகவேண்டும். படகுக்கும் அவர்களுக்கும் இடையே, ஈரக் கயிற்றோடு அத்தையும் மருமகளும் நின்றுகொண்டிருந்தார்கள்.