இரண்டு பேர் ஏறிய தராசு

சாப்பாட்டுக்குப் பாயிண்ட் கணக்கு வைத்து உடம்பைக் குறைக்கப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: தராசில் தனியாக ஏறுங்கள். சிரிக்காதீர்கள். தராசில் யாராவது ஜோடியாக ஏறுவார்களா என்று கேட்பீர்கள். நாங்கள் ஏறினோம், ஐந்து திங்கட்கிழமை.

நாங்கள் என்றால் நானும் என் தங்கையின் கணவனும். உயரமான கட்டிடங்களின் கண்ணாடியை வெளியிலிருந்து துடைப்பது எங்கள் வேலை. ஒன்பது வருடம் ஒரே கூண்டில் தொங்கியிருக்கிறோம். என்னைவிடச் சின்னவன் என்பதால் மாப்பிள்ளையை நான் அவன் இவன் என்பேன். தங்கை பக்கத்தில் இருந்தால் மட்டும் மரியாதை தானாக வந்துவிடும். கூண்டு மொட்டை மாடியிலிருந்து இரண்டு இரும்புக் கயிறுகளில் தொங்கும். முனைக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு ஆள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால்தான் அது சாயாமல் ஏறி இறங்கும்.

ஒரு நாள் பதினான்காவது மாடிக்கு ஏறும்போது அலாரம் கத்தியது. பாரம் அதிகம் என்று அர்த்தம். கூண்டு அங்கேயே நின்றுவிட்டது. காற்று வேறு. இருபது நிமிடம் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். கடைசியில் இரண்டு வாளித் தண்ணீரையும் கீழே கவிழ்த்த பிறகுதான் அது நகர்ந்தது. தண்ணீர் நேராக சூப்பர்வைசர் தலையில் விழுந்தது. மறுநாள் அவர் போட்ட சட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசில் எங்கள் இருவரையும் சேர்த்து ஏற்றினார். நூற்று எழுபது.

"ரெண்டு பேரும் சேந்து நூத்தி அறுபத்தஞ்சுக்குள்ள வரணும். ஆறு வாரம் டைம். திங்கக்கெழம திங்கக்கெழம பாப்பேன். அஞ்சு கிலோ யார்கிட்டேருந்து எறங்கணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்று என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார். "இல்லேன்னா நீங்க கீழ நின்னு வாளி ரொப்புங்க. உங்க மாப்பிள்ளை அவசரத்தோட ஏறட்டும்."

அவசரம் என்பது ஒரு ஆளின் பட்டப்பெயர். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியைக் கூண்டில் மாட்ட நேரமில்லை என்று வெறுமனே ஏறுகிற ஆள். பக்கத்து ஆள் தயாரா என்று பார்க்காமல் பொத்தானை அழுத்துவான். அவனோடு கடைசியாக ஏறியவர் இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அந்த ஆளோடு என் தங்கை புருஷன் தொங்குவதா? நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. அதில் ஒரு கோளாறு என்னவென்றால், பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

கம்பெனி கிளினிக்கில் இருந்த நர்ஸம்மா எனக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இத்தனை பாயிண்ட். எனக்கு ஒரு நாளைக்கு முப்பது. வேகவைத்த காய்க்குப் பாயிண்டே கிடையாது, பசித்தால் அதை அள்ளிச் சாப்பிடலாம். எண்ணெயை பாட்டிலோடு சாய்க்கக் கூடாது, ஸ்பூனில் அளக்க வேண்டும். குடிப்பதற்கும் கணக்கு உண்டு. காலையில் பட்டினி கிடந்து சாயங்காலத்துக்குச் சேர்த்துவைக்கக் கூடாது. வாயில் வைப்பதற்கு முன்னால் எழுத வேண்டும், வைத்த பிறகு எழுதினால் ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் பேசும்.

"வாரம் ஒரு தடவ, அதே நாள், அதே நேரம், இங்க வந்து தனியா எடை பாத்துட்டுப் போங்க" என்றார்.

"திங்கக்கெழம எங்களுக்கு அங்கயே பாக்கறாங்கம்மா. ரெண்டு வேல எதுக்கு?" என்றேன்.

உண்மை என்னவென்றால் எனக்குத் தனியாக ஏறப் பயம். முப்பது மாடிக்கு வெளியே தொங்குகிறவனுக்கு ஒரு சாண் உயரத் தராசு பயமா என்று நீங்கள் கேட்டால், ஆமாம், பயம்தான். ஜோடியாக ஏறினால் அதில் என் பங்கு எவ்வளவு என்று யாரும் என்னைக் கேட்க முடியாது.

நோட்டு வாங்கி வந்தவன் மாப்பிள்ளை. தினம் மத்தியானம் கூண்டை இறக்கிவிட்டு உட்கார்ந்ததும் கேட்பான். "மச்சான், நேத்து மொத்தம் எத்தன பாயிண்ட்?"

"இருபத்தெட்டு."

அவன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வான். முப்பது என்று சொன்னால் சந்தேகம் வரும், இருபது என்றால் நம்ப மாட்டான். இருபத்தெட்டு யோக்கியமான எண்.

நான் பொய் சொன்னேன் என்று அப்போது நான் நினைக்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டதை எல்லாம் ஒழுங்காக எண்ணினேன். நின்றுகொண்டு சாப்பிட்டதை எண்ணவில்லை, அவ்வளவுதான். என் சின்ன மகள் தட்டில் மிச்சம் வைத்ததைக் குப்பையில் போடுவதா? அதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை. சாயங்காலம் முக்குக் கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் வறுத்த உருளைக்கிழங்கு. நடந்துகொண்டே தின்றால் அது நடையிலேயே கரைந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். என் மனைவி எண்ணெயை ஸ்பூனில் அளந்து அளந்து ஊற்றினாள், பாவம்.

முதல் வாரம் ஏறி நின்றோம். நூற்று எழுபத்தொன்று. குறைவதற்குப் பதில் ஒன்று கூடியிருந்தது. சூப்பர்வைசர் அவசரத்தைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "ஒரு நாள்கூட நீ தாண்டலியே மச்சான்" என்றான், தன் மேலேயே தப்பு இருப்பது போல.

அடுத்த வாரம் நூற்று அறுபத்தொன்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கடுத்து அறுபத்தெட்டு. பிறகு அறுபத்தேழு. பார்த்தாயா, நின்றுகொண்டு சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது என்று நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் உருளைக்கிழங்குப் பொட்டலம் ஒன்று இரண்டானது.

அப்படியும் ராத்திரி படுத்தால் ஒரு பயம் மட்டும் போகவில்லை. என் பேண்ட் பொத்தான் ஏன் இன்னும் இழுத்துப் பிடிக்கிறது? துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று திரும்பிப் படுப்பேன்.

மாப்பிள்ளை பெல்ட்டின் வாரை உள்ளுக்கு உள்ளுக்கு இழுத்துக் கட்டுவதை நான் பார்த்தேன். கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியால் புதிதாக ஒன்று குத்தினான். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு, "வாட்ச்மேன்கூடப் பேசிக்கிட்டே சாப்பிடறேன்" என்று போய்விடுவான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ன மாப்பிள்ளை, என் தங்கச்சி சோறு போடறதில்லியா?" என்று கிண்டல் செய்தேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஐந்தாவது வாரம் நூற்று அறுபத்தாறு. இன்னும் ஒரே ஒரு கிலோ, இன்னும் ஒரே ஒரு திங்கட்கிழமை.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒன்பதாவது மாடி. நான் கண்ணாடியில் நுரை பூசிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், கண்ண இருட்டிக்கிட்டு வருது" என்றான்.

நான் திரும்புவதற்குள் முழங்கால் மடிந்து கூண்டின் தரையில் சரிந்துவிட்டான். தலை கம்பிக்கு வெளியே தொங்கியது. பெல்ட் அக்குள் வரை ஏறிவிட்டது. அவ்வளவு இழுத்துக் கட்டியும் அதற்குள் அவன் தொளதொளவென்று கிடந்தான். இன்னும் கொஞ்சம் சரிந்தால் பெல்ட் கூண்டில் இருக்கும், அவன் இருக்க மாட்டான்.

"மாப்பிள்ளை! டேய்! கண்ணத் தொறடா!" இழுத்து உள்ளே போட்டேன். இழுக்கும்போதுதான் தெரிந்தது, கனமே இல்லை. முகமெல்லாம் குளிர்ந்த வியர்வை. அவன் பெல்ட்டை அக்குளுக்குக் கீழே இறுக்கி, என் பெல்ட்டின் இரண்டு கொக்கிகளில் ஒன்றைக் கழற்றி அதோடு சேர்த்துக் கம்பியில் மாட்டினேன். மூன்று தடவை தவறியது.

வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். "பதறாதீங்க. கீழ மூணாவது மாடில வெளிய நீட்டிக்கிட்டு ஒரு மொட்டை மாடி இருக்குல்ல, அதுக்கு எறக்குங்க. ஒத்த ஆளா ரெண்டு மோட்டாரையும் மாத்தி மாத்தி எறக்கணும். ஒரு தடவைக்கு ஒரு அடி. அதுக்கு மேல போனா சாஞ்சிடும்."

என் பக்கம் ஒரு அடி இறக்கினேன். அவனைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் ஒரு அடி. நான் ஒவ்வொரு தடவை நடந்தபோதும் கூண்டு மொத்தமும் என் பக்கமாக ஆடியது; மாப்பிள்ளையின் உடம்பும் தரையில் உரசிக்கொண்டு என் பின்னாலேயே வழுக்கி வந்தது. கயிறு முனகியது. என்னால் இரண்டு பேரும் போய்ச் சேரப் போகிறோம் என்றே நினைத்தேன். "ஐயோ கடவுளே, ஐயோ கடவுளே" என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு மாடி. அறுபது தடவைக்கு மேல் அந்த எட்டடிக் கூண்டுக்குள் நடந்தேன். கடைசியில் கீழே அந்த மொட்டை மாடியில் ஆட்கள் கை நீட்டி அவனை வாங்கிக்கொண்டார்கள்.

கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் கண் விழித்தான். எழுந்து நிற்கத் தெம்பு வந்ததும் நர்ஸம்மா அவனைத் தராசில் ஏற்றினார். ஐம்பத்தேழு. முன்பு அறுபத்தாறு இருந்தவன்.

"ஒழுங்கா சாப்பிட்டு எத்தன நாளாச்சு?" என்று அதட்டினார்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்தான். "தப்பா நெனைக்காத மச்சான். நோட்டுல நீ இருபத்தெட்டத் தாண்டவே இல்ல. அப்படிக் கட்டுப்பாடா இருந்தும் மொத வாரம் எறங்கல. சரி, உன் உடம்பு வாகு அப்படி, நீயும் பாவம் எவ்வளவுதான் பண்ணுவே, நான் ஒரு கை குடுக்கலாம்னு நெனச்சேன். ரெண்டு பேர் எடதானே, யார்கிட்ட எறங்கினா என்ன? சோறு, முட்டை எல்லாத்தையும் வாட்ச்மேனுக்குக் குடுத்துடுவேன்."

அந்த நேரம் பார்த்துத் தங்கை ஓடி வந்தாள். அவனைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அண்ணே, நீ மட்டும் கூட இல்லேன்னா இவர நான் எங்கண்ணே போய்த் தேடுவேன்? தினம் டப்பா காலியாத்தான் வந்துச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல. நீதாண்ணே காப்பாத்திக் குடுத்தே."

ஒன்பதாவது மாடியில் இருந்த பயம் அப்போது வந்த பயத்தில் பாதிகூட இல்லை. இவளிடம் சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அவள் என் கையை விடவில்லை.

"என் சாப்பாட்டுக் கணக்கு நோட்டுல இருக்கறது எல்லாம் பொய்ம்மா" என்றேன். "நான் தின்னதுல பாதியத்தான் சொன்னேன். டீயச் சொல்லல. கெழங்கச் சொல்லல. சின்னவ தட்டுல மிச்சம் இருந்ததச் சொல்லல. நான் எறங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் தின்னேன்."

அவள் அழுகை சட்டென்று நின்றது. என் கையை விட்டாள். கணவனின் சட்டைப் பையில் துருத்திய நோட்டைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். பிறகு தராசைக் காட்டினாள்.

"ஏறு."

"வேணாம்மா, அப்புறமா..."

"ஏறுண்ணே. தனியா ஏறு. நான் பாக்கணும்."

செருப்பைக் கழற்றினேன். சட்டைப் பையிலிருந்த சாவியையும் எடுத்து வைத்தேன், என்னமோ சாவியில்தான் எல்லாம் இருப்பது போல. ஏறினேன். முள் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தங்கை குனிந்து பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"நூத்தி எட்டு."

போன மாதம் நான் நூற்று நாலுதான் இருந்திருக்க வேண்டும். கட்டிலில் மாப்பிள்ளை விரல்விட்டு எண்ணுவது கேட்டது. நான் இவ்வளவும் சொன்ன பிறகும் அவன் எனக்காகத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

"நூத்தி எட்டும் அம்பத்தேழும்... நூத்தி அறுபத்தஞ்சு" என்றான், அந்தக் கம்மிய குரலில் எனக்குத் தைரியம் சொல்வது போல. "வந்துடுச்சு மச்சான். திங்கக்கெழம நாம பாஸ்."

யாரும் சிரிக்கவில்லை. நான் தராசை விட்டு இறங்காமல் அப்படியே நின்றேன். இறங்கினால் கண்ணைத் திறந்து தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.