சூட்டோடு அணைத்தவள்

அண்ணன் போனில் பேசியதை அவள் ஷெட் வாசலில் நின்றே கேட்டுவிட்டாள்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். நாலு மாசம் முன்னாடிதான் புது டர்போ மாட்டினேன். ஓட்டுறவங்க சூட்டோட அணைச்சா எந்த டர்போ தாங்கும்? டிரைவர் தப்புதான். தங்கச்சிங்கிறதுக்காக நான் பொய் சொல்ல முடியுமா?"

பெஞ்சில் காத்திருந்த இரண்டு டிரைவர்களும் மனுஷன் என்றால் இப்படி இருக்கணும் என்பதுபோல் தலையாட்டினார்கள். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்முனையில் இருந்தவர் ஆஸ்பத்திரியில் வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி. சிறுநீரகம் கெட்டுப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகும் மூன்று நோயாளிகளை மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்று, மறுபடி வீட்டில் கொண்டுவந்து விடுவதுதான் அவள் பிழைப்பு. நேற்று ஏற்றத்தின் பாதியில் அவளுடைய டீசல் கார் விசிலடித்து, நீலப் புகை கக்கி, இழுவை செத்து நின்றது. கோளாறு வண்டியிலா டிரைவரிடமா என்று மெக்கானிக்கைக் கேட்டுவிட்டு, அவளுக்கு அந்த ஓட்டம் இனி உண்டா இல்லையா என்று முடிவு செய்வதாக அதிகாரி சொல்லியிருந்தார். மெக்கானிக் இதோ வாய் கிழியச் சொல்லி முடித்துவிட்டான்.

சூட்டோடு அணைத்தாளாம்! எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி இழுவையைக் கூட்டுவதுதான் டர்போ; ஏற்றம் ஏறி வந்ததும் அதன் தண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு உயிரே எஞ்சின் ஆயில்தான். சட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் வரத்து நின்றுபோகும், உள்ளே தங்கியது கருகிக் கரியாகும். அதனால் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அப்புறம் அணை என்று, பழைய டர்போ வயதாகிப் போனபோது விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னதே இந்த அண்ணன்தான். அன்றிலிருந்து ஒருநாள்கூட அவள் தவறவில்லை. நோயாளிகளை இறக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டி, "அணைம்மா, இதென்ன ஆஸ்பத்திரியா மில்லா?" என்று நாலு பேர் முன்னால் கத்துவான். அதையும் வாங்கிக்கொண்டு இரண்டு நிமிஷம் முடிந்த பிறகுதான் சாவியைத் தொடுவாள்.

"அண்ணா, அவருகிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்க என்ன இருக்கு? காதை வச்சேன், தெரிஞ்சுபோச்சு."

அந்த வட்டாரத்தில் அவனுக்குக் காதுக்காரன் என்றுதான் பெயர். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நோய் சொல்லுவான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் இரும்பு முனகுவதெல்லாம் கேட்கிற அந்தக் காது, தங்கை பேசினால் மட்டும் அடைத்துக்கொள்ளும்.

"வாட்ச்சைப் பாத்து ரெண்டு நிமிஷம் ஓடவிடுறேன். ஒருநாள் தவறினதில்ல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. பொம்பளைங்க வீட்டு நெனப்புல சாவியைத் திருப்பிட்டு எறங்கிடுவீங்க."

ஒரு டிரைவர் சிரித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பை அப்படியே விழுங்கினான்.

கழற்றிய டர்போ மேசையில் கிடந்தது. ஆயில் கொண்டுவரும் மெல்லிய பைப் அதன் தலையில் மாட்டியபடியே இருந்தது. அவள் அருகில் போனாள்.

"சூட்டோட அணைச்சா உள்ள கரி இருக்கணும், இல்லையா? காட்டு. இந்த பைப்பைக் கழட்டிக் காட்டு."

"அதுல என்ன இருக்கப்போகுது? நானே மாட்டினது. புது செப்பு வாஷர் வச்சு மாட்டியிருக்கேன். என் கடையில பேஸ்ட் டியூப் நுழைஞ்சதே கிடையாது. ஒழுகுற இடத்துல பேஸ்ட் பூசுறவன் மெக்கானிக் இல்ல, கொத்தனாரு!"

இந்த வசனத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவான். அவளுக்கே மனப்பாடம். மேலே பேசாமல் ஸ்பேனரை எடுத்தாள்.

"ஏய், அதைத் தொடாத! கையை எடு!"

எடுக்கவில்லை. பைப்பைப் பிடித்திருந்த போல்ட்டை ஒரே மூச்சில் திருகிக் கழற்றினாள். ஆயில் போவதற்காக நடுவில் துளை போட்ட போல்ட் அது. துணியில் துடைத்து, ஒரு கண்ணை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். வெளிச்சம் வரவில்லை. வாயில் வைத்து ஊதினாள். காற்றும் போகவில்லை. மெல்லிய கம்பியால் குத்தி இழுத்தபோது, விரல்நுனி நீளத்துக்குச் சிவப்பாக ஒன்று ரப்பர் போல நெளிந்துகொண்டு வந்தது. கரி இல்லை. கரியின் சாயல்கூட இல்லை.

பக்கத்து ஷெட் ரேடியேட்டர்காரர் சத்தம் கேட்டு வந்து நின்றிருந்தார். குனிந்து பார்த்தவர், யாரையும் மாட்டிவிடும் எண்ணமே இல்லாமல் சொன்னார்.

"இது நம்ம பேஸ்ட்டாச்சே. வாஷர் வரல, அவசரம்னு அன்னைக்கு என்கிட்ட ஒரு பிதுக்கு வாங்கிட்டுப் போனியே, காதுக்காரா?"

பழைய வாஷரையே திரும்பப் போட்டு, ஒழுகாமல் இருக்கப் பேஸ்ட்டை அப்பியிருக்கிறான். பிதுங்கிய மிச்சம் உள்ளே இறுகி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நேற்று ஏற்றத்தில் துளையை ஒரேயடியாக அடைத்திருக்கிறது. ஆயில் இல்லாமல் தண்டு துடிதுடித்துச் செத்திருக்கிறது. பழி மட்டும் அவள் தலையில்.

அண்ணன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "உள்ள வா, பேசிக்கலாம். புது டர்போ நானே போட்டுத் தர்றேன். இன்னைக்கே. இதை இதோட விட்டுடும்மா."

இப்போது வருகிறது 'ம்மா'!

"உள்ள எதுக்கு வரணும்? நீ உள்ள வச்சா சொன்ன? எல்லார் காதுலயும் விழுற மாதிரிதானே சொன்ன? அதே மாதிரி இதையும் சொல்லு. போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

"நான் உன் அண்ணன்டி."

"அதனாலதான் ஸ்பேனரை வீசாம இன்னும் கையிலயே வச்சிருக்கேன்."

அவன் போனைப் போட்டான். அதிகாரியின் குரல் ஷெட் முழுக்க ஒலித்தது.

"சார், கொஞ்சம் முன்னாடி சொன்னது... தப்பு டிரைவர் மேல இல்ல."

"அப்போ டர்போவே மட்டமா?"

அண்ணன் அவளைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எவனோ டர்போ செய்தவன் தலையில் முடிந்துவிடும். அவள் உள்ளங்கையை விரித்தாள். சிவப்புத் துண்டு அதில் கிடந்தது.

"இல்ல சார். நான் மாட்டினதுல தப்பு."

அதிகாரி சொன்னார்: "அவங்களை நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க. வண்டியை வேற கடையில ஒருதடவை காட்டிட்டு வரச் சொல்லுங்க."

மாலைக்குள் புது டர்போ ஏறியது. புது வாஷர், புது ஆயில், சுத்தமான பைப். ஒவ்வொன்றையும் அவள் கண்ணெதிரே காட்டிக் காட்டி மாட்டினான். ஓட்டம் மிஞ்சியதே தவிர, கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. மேடு வரை விரட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். இழுவை பழையபடி இருந்தது. விசில் இல்லை, புகை இல்லை.

ஷெட் வாசலில் நிறுத்தினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் இருவரும், ரேடியேட்டர்காரரும், தெருவில் போகிற நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேர் பார்வைக்கு நடுவே அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலில் குனிந்து கையை ஆட்டினான்.

"சரி சரி, நல்லாயிருக்கு. போதும், அணை."

அவள் கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"இன்னும் ஒண்ணரை நிமிஷம் இருக்கு. நில்லு."

அவன் முள்ளைப் பார்த்தபடி நின்றான்.